ஊருக்கும் சேரிக்கும் இடையே எத்தனை தெரு?



1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் எதையும் பயன்படுத்தலாம், அதற்குத் தடை இல்லை என்பது அதன் சாரம். மன்றம் ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அது அரசாணையாக வெளிவந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கான சத்தியாகிரகமும் நடந்துகொண்டிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் கூறு, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றோடு சாலையையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

இந்த நூறாண்டுப் போராட்டத்தில் தெரு ஏற்கெனவே இருக்கிறது. அதில் நம்மை நடக்க விடுவார்களா மாட்டார்களா என்பதுதான் வழக்கு. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. தெருவை எங்கே போடுகிறார்கள்? எது எதோடு போய்ச் சேர்கிறது? எது பாதியில் நின்றுவிடுகிறது? போடாத தெருவில் நடக்கும் உரிமையை எந்த நீதிமன்றத்தில் கேட்பது? ஊர் நகரமாகப் பரவிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், பழைய கேள்வியைவிட இந்தக் கேள்வி நமக்கு அவசரமானது என்று கருதுகிறோம்.

தெருக்களின் இணைப்பை அளப்பதற்கு நகரவியலில் ஒரு எளிய வழி இருக்கிறது. அதற்கான சொற்கள் நம்மிடம் காலங்காலமாக உள்ளவைதாம். முட்டுச்சந்தில் ஒரு வழி. முச்சந்தியில் மூன்று. நாற்சந்தியில் நான்கு. ஒரு பகுதியிலுள்ள சந்திப்புகள் எல்லாவற்றிலும் வந்து சேரும் தெருக்களை எண்ணிச் சராசரி எடுத்தால், அது நான்கை நெருங்க நெருங்க அந்தப் பகுதி நன்கு பின்னப்பட்டிருக்கிறது என்று பொருள். முட்டுச்சந்துகள் மிகுந்தால் சராசரி சரியும். இன்னொரு அளவை, சுற்றுவழி. இரண்டு வீடுகளுக்கு இடையே நேர்கோட்டில் 100 மீட்டர், ஆனால் நடந்து போனால் 600 மீட்டர் என்றால் அந்த வேறுபாடே தெருவமைப்பின் குணத்தைச் சொல்லிவிடும். மூன்றாவது, கணிதத்தில் ‘பாலம்’ எனப்படும் இணைப்பு. அந்த ஒரு தெருவை அடைத்தால் ஒரு பகுதி முழுவதுமே மற்றதிலிருந்து அறுந்துபோகும். ஆற்றுப் பாலத்தோடு குழம்பிவிடாமல் இருக்க இந்த உரையில் அதைக் ‘கழுத்துத் தெரு’ என்று அழைப்போம்.

இந்த அளவைகளை ஒன்று சேர்த்து, காலவரிசையில் நகரப் பரவலை ஆராய்ந்தவர்கள் கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லர்டு-பால் என்ற இரு ஆய்வாளர்கள். அவர்களுடைய ஆய்வில் பரவல் என்பது நகரம் எவ்வளவு பெரிதாயிற்று என்பதைப் பற்றியது அன்று. புதிதாகப் போடப்படும் தெருக்கள் எந்த அளவுக்குத் துண்டுபட்டிருக்கின்றன என்பதைப் பற்றியது. தெருவுக்குப் பிறந்த தேதி கிடையாதே, எப்படிக் கணக்கிட்டார்கள்? அமெரிக்காவில் வீட்டுவரிப் பதிவேடுகளிலிருந்து, தெருவிலுள்ள வீடுகள் எப்போது கட்டப்பட்டன என்பதைக் கொண்டு தெருவின் வயதைக் கணித்தார்கள். உலக அளவிலான ஆய்வுக்கு, 1975 முதல் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களிலிருந்து எந்த இடம் எப்போது கட்டடமாயிற்று என்று பார்த்து, அதைத் தன்னார்வலர்கள் வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் பொருத்தினார்கள். 2015இல் வெளியான முதல் ஆய்வின்படி, அமெரிக்காவில் புதிய தெருக்களின் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய், 2012க்குள் சுமார் 9 விழுக்காடு குறைந்தது. 2020இல் வெளியான உலக ஆய்வு சொல்லும் கதை வேறு. உலகின் பெரும்பகுதிகளில் புதிதாக வளரும் நகர்ப்புறங்கள் மேலும் மேலும் துண்டுபட்ட தெருக்களோடுதான் வளர்கின்றன.

இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், நகரத்தில் தெருவைப் போல நிலைத்து நிற்பது வேறெதுவும் இல்லை. வீட்டை இடித்துக் கட்டலாம், கடை மாறலாம், சட்டம் மாறலாம். தெருவின் தடம் மட்டும் தலைமுறைகளைத் தாண்டி அப்படியே கிடக்கும். சாதியைப் பற்றி யோசிப்பவர்கள் தெரு போடும் தருணத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

முட்டுச்சந்து எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புறநகரில் வளைவுத் தெருவும் முட்டுச்சந்தும் அமைதியான வாழ்க்கை என்ற பெயரில் வந்தன. 1929இல் நியூ ஜெர்சியில் உருவான ராட்பர்ன் அதற்கு முன்மாதிரி. 1930களில் அந்நாட்டு அரசின் வீட்டுவசதிக் கடன் உத்தரவாத அமைப்பு இதே பாணியைப் பரிந்துரைத்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதம் மறுத்ததும் அதே அமைப்புதான். 1941இல் டெட்ராய்டில், கறுப்பினக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒரு மனை வணிகர், அரசு உத்தரவாதம் பெறுவதற்காக இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். மெம்பிஸ் நகரில் வெள்ளையர் குடியிருப்பின் வழியே போன ஒரு தெருவை, வடக்கேயிருந்த கறுப்பின மக்கள் கடந்துபோக முடியாதபடி நகராட்சி அடைத்தது. 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அடைப்பு செல்லும் என்றது. போக்குவரத்து நெரிசல், குழந்தைகளின் பாதுகாப்பு என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் தர்குட் மார்ஷல். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. தெருவை அடைக்கிறவர் யாரும் இனத்தின் பெயரால் அடைப்பதாகச் சொல்வதில்லை. நம் ஊரிலும் சாதியின் பெயரால் என்று யாரும் சொல்வதில்லையே!

உத்தப்புரத்துச் சுவர் நமக்கெல்லாம் தெரியும். 1980களின் இறுதியில் நடந்த சாதி மோதலுக்குப் பின் ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்கு எழுந்தது. 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் அதில் 15 அடியை இடித்துப் பாதை திறந்தது. அதைத் தீண்டாமைச் சுவர் என்று அழைப்பது சரியே. ஆனால் தெரு வலைப்பின்னலின் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். சுவர் செய்தது அறுத்தல். இடிப்பு செய்தது ஒரே ஓர் இணைப்பை மீட்டது. மீதியிருந்த நீளம் முழுவதும் அன்றும் சுவராகவே நின்றது. ‘சுவர் இடிந்தது’ என்ற செய்தியோடு நாம் நிறுத்திக்கொண்டால், எத்தனை வழி அடைபட்டது, எத்தனை திறந்தது என்ற கணக்கு விட்டுப்போகும்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்தது சுவரே இல்லாத அறுத்தல். மயானத்துக்குப் போகும் வழி விளைநிலங்களால் மறிக்கப்பட்டிருந்தது. இறந்தவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டியதாயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. அங்கே கம்பீரமான பாலம் இருந்தது, சாலை இருந்தது. அந்தச் சாலைக்கும் மயானத்துக்கும் நடுவே ஒரு பாதை இல்லை, அவ்வளவுதான். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சரிந்த தனியார் சுற்றுச்சுவர் 17 தலித்துகளைக் கொன்றது. வீடுகளை ஒட்டி அவ்வளவு உயரமான சுவர் எதை மறைக்க எழுந்தது என்று அப்போது நாம் எல்லோரும் கேட்டோம்.

இனி நகரத்துக்கு வருவோம். சென்னையை எடுத்துக்கொண்டால், காலந்தோறும் தெருவமைப்பு மாறிய விதம் தெளிவாகத் தெரிகிறது. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகர் அதன் காலத்துப் பிள்ளை. பனகல் பூங்காவிலிருந்து சாலைகள் பிரிந்து பரந்து மற்ற தெருக்களோடு பின்னிக்கொள்ளும். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்குப் பின் வளர்ந்த அண்ணா நகர் அதைவிட ஒழுங்கான கட்டம். 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய முதல் நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனையும் அடிப்படை வசதிகளும் தரும் திட்டம் வந்தது. இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. சின்ன மனை, பெரிய மனை, ஏழைக்கானது, நடுத்தர வர்க்கத்துக்கானது எல்லாம் ஒரே மனைப்பிரிவுக்குள், ஒரே தெருப் பின்னலுக்குள் வந்தன. ஏழையின் தெருவும் பள்ளிக்கூட ஆசிரியரின் தெருவும் ஒரே நாற்சந்தியில் சந்தித்தன. சாதி போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே யாரையும் ஒரு தெருவை அடைத்துத் தனியாக்கிவிட முடியாது.

பிறகு வந்த காலத்தில் இரண்டு போக்குகள் பக்கம்பக்கமாக வளர்ந்தன. ஒன்று தனியார் மனைப்பிரிவு. ஏரிக்கரையில் நாலு ஏக்கர், அதற்கடுத்து வேறொருவரின் ஆறு ஏக்கர் என்று துண்டுதுண்டாகப் பிரித்து விற்றார்கள். ஒருவர் போட்ட தெரு அடுத்தவர் நிலத்தின் வேலியில் முட்டி நின்றது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2016இல் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவு நின்றது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனை சட்டபூர்வமாகும். முட்டுச்சந்து முட்டுச்சந்தாகவே இருக்கும். இதன் பணக்காரத் தம்பி, வாயிற்காவலரோடு வரும் சுற்றுச்சுவர்க் குடியிருப்பு. அங்கே தெருவே தனியார் சொத்து. அரசமைப்புச் சட்டம் பெயர் சொன்ன ‘சாலை’ அதற்குள் இல்லை.

இன்னொன்று மறுகுடியமர்வு. 2000 முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், 15,656 வீடுகள். பிறகு செம்மஞ்சேரி, 6,764 வீடுகள். அதற்கும் பின்னால் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகளாக இருபதாயிரத்துக்கும் மேல். நகரின் நடுவிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் நம் மக்கள். கண்ணகி நகரின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். உள்ளே தெருக்கள் அண்ணா நகரைப் போலவே நேர்த்தியாகக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொள்கின்றன. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய் தடுக்கிறது. வேலைக்கோ பெரிய மருத்துவமனைக்கோ பழைய நகரத்துக்கோ போக வேண்டுமானால் மேற்கே ஓ.எம்.ஆர். சாலைக்கு வந்துதான் ஆக வேண்டும். செம்மஞ்சேரி 2015 வெள்ளத்தில் மூழ்கியது, பிறகும் மூழ்கியது. வழிகள் குறைவாக உள்ள இடத்தில் அவையும் தண்ணீருக்குள் போய்விட்டால் என்னாகும் என்பதைப் படகில் வெளியேறியவர்கள் அறிவார்கள்.

இங்கேதான் சராசரியின் சூது இருக்கிறது. மாணவர்கள் தாளில் வரைந்து சரிபார்க்கலாம். நெடுக்கில் ஐந்து தெரு, குறுக்கில் ஐந்து தெரு கொண்ட ஒரு காலனி. மொத்தம் 25 சந்திப்புகள். நடுவிலுள்ள 9 நாற்சந்திகள், ஓரத்திலுள்ள 12 முச்சந்திகள், மூலையில் 4 திருப்பங்கள். வெளியே போக ஒரே ஒரு சாலை என்றால் சராசரி 3.24. அதே காலனியிலிருந்து சுற்றிலும் எட்டுச் சாலைகள் வெளியே போய் ஊரோடு கலந்தால் சராசரி 3.52. எண்ணில் சின்ன வேறுபாடு. வாழ்க்கையில்? ஒரு சாலை இருந்தால் கலவர நாளில் பத்துப் பேர் நின்று மறித்துவிடலாம். எட்டுச் சாலையை மறிக்க ஒரு படை வேண்டும். மேலே சொன்ன ஆய்வாளர்கள் சராசரியோடு நிற்காமல் வேறு அளவைகளையும் சேர்த்தது சரியான செயல். ஆனால் கழுத்துத் தெருவின் இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. அதை நாம்தான் வரைபடத்தில் எழுத வேண்டும்.

ஆதிதிராவிடர் நலத்துறை வீட்டுமனைகளிலும் இதே அமைப்புதான் மீண்டும் மீண்டும் வருகிறது. உள்ளே ஒழுங்கான வரிசைத் தெருக்கள், ஊரை நோக்கி ஒரே அணுகுசாலை. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். வசைச் சொல்லாகிவிட்ட ஒரு பெயர் போக வேண்டியதுதான். பெயர்ப்பலகையை மாற்றும் அன்றைக்கே இரண்டாவது சாலை ஒன்றையும் அரசு போட்டுக் கொடுத்தால் இன்னும் மகிழ்வோம்.

அரசின் கணக்கு ‘இணைப்பு’ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதற்கு ஒரு சான்று. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் எல்லாக் காலத்துக்கும் ஏற்ற சாலையிலிருந்தோ ஏற்கெனவே இணைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்தோ 500 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் ஒரு குடியிருப்பு ‘இணைக்கப்படாதது’. ஊரிலிருந்து 300 மீட்டரில் சேரி இருந்தால்? ஊருக்குச் சாலை வந்தாலே சேரியும் இணைந்ததாகக் கணக்கு முடிந்துவிடும். நடுவிலுள்ள 300 மீட்டர் யார் வயல், யார் தெரு, பிணத்தை எடுத்துப் போக விடுவார்களா என்பது கணக்கில் வராது. தார்ச்சாலை எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நீண்டாலும் அந்தக் கடைசி 300 மீட்டர் அப்படியே இருக்க முடியும். இந்த விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று சொல்லவில்லை. ஊர் என்றால் ஒன்று என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, அரக்கோணம் பக்கத்துக் கிராமங்கள் ஆயிரத்துக்கும் மேல் அதற்குள் வந்துவிட்டன. இவற்றில் ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடப்பவை எத்தனை என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. ஊருக்கும் சேரிக்கும் நடுவே வயலாகக் கிடந்த நிலம் இப்போது மனையாகிறது. நூற்றாண்டுகளில் ஒருமுறைதான் இப்படி நடக்கும். அந்த நிலத்தில் தெருக்கள் இரண்டு பக்கமும் திறந்தால் ஊரும் சேரியும் முதன்முறையாக ஒரே பின்னலுக்குள் வரும். மனைப்பிரிவு ஊரின் பக்கம் வாசலையும் சேரியின் பக்கம் சுவரையும் வைத்துக்கொண்டால், இதுவரை வரப்பில் நடந்து கடந்த மக்களுக்கு அந்த வரப்பும் போய்விடும். நகரம் வந்தால் சாதி கரையும் என்று நம்பியவர்கள் நம்மில் பலர். எந்த நகரம், எப்படிப்பட்ட தெருவோடு வருகிற நகரம் என்று இனிமேல் கேட்போம்.

இதற்கு அளவைநாடாவும் ஆவணமும் போதும். கிராம வரைபடத்திலும் ‘அ’ பதிவேட்டிலும் வண்டிப்பாதை என்று பதிவான புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது எழுதிய பதிவு ஒரு காலப் புள்ளி. அதற்கு முந்தைய நில அளவை வரைபடம் கிடைத்தால் இன்னொரு புள்ளி. இன்றைய செயற்கைக்கோள் படம் மூன்றாவது. மூன்றையும் அடுக்கி வைத்தால், எந்தப் பாதை வேலிக்குள் போயிற்று, எந்தத் தெரு எந்த ஆண்டுகளில் முட்டுச்சந்தாயிற்று என்பது தெரிந்துவிடும். பிறகு ஊர்–சேரி எல்லையில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைக் கடக்கும் வழிகளை மட்டும் எண்ணுங்கள். வண்டி போகும் வழி எத்தனை, நடக்க மட்டும் முடிவது எத்தனை, மழைக்காலத்திலும் போக முடிவது எத்தனை. சேரியின் நடுவிலிருந்து ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் மயானத்துக்கும் நேர்த்தொலைவையும் நடைதொலைவையும் பக்கத்தில் எழுதுங்கள். சமூகவியல் மாணவர் ஒருவர் இரண்டு நாளில் ஒரு கிராமத்தை முடித்துவிடலாம்.

வழக்கமாகப் பொது இடத்துக்குப் போய்வந்த பாதையை மறிப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஒய்) பிரிவின்படி குற்றம். ‘வழக்கமாக’ என்பதை மெய்ப்பிக்க இந்த வரைபடங்களைப் போன்ற சாட்சி கிடையாது. புதிய மனைப்பிரிவில் பொதுத்தெரு என்று காட்டியவற்றை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். தானமாகத் தந்த தெருவின் முனையில் சுவர் நின்றால் அது உள்ளாட்சி நிலத்தில் நிற்கும் ஆக்கிரமிப்பு; அதை அகற்றச் சொல்லி மனுக் கொடுக்க யாருடைய நல்லெண்ணமும் தேவையில்லை. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, வழிகளை எண்ணி எழுதிய வரைபடத்தின் ஒரு பிரதியைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்றைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.